மிளகாய் அலமாரி முன்னால்

ஜனவரி 8, புதன்

மிளகாய் என்று ஒரு பொருள் இந்த உலகத்தில் கிடையாது. இன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் சத்யா வேலைக்குக் கிளம்பும்போது, "வரமிளகா தீந்துபோச்சுங்க. கால் கிலோ வாங்கிட்டு வந்து ரசத்த மட்டும் வெச்சுருங்க. மத்தத நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள். அவளுக்குக் கோழித்தீவன ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. நான் தீபாவளியிலிருந்து வீட்டில் கிடக்கிறேன். சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும்போது இரும்பு ராடைத் தூக்கப்போய் முதுகில் வட்டு நகர்ந்துவிட்டது. துளை போடும் ரிக் வண்டியின் அதிர்வே ஆகாது என்கிறார் டாக்டர். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தினமும் எத்தனை அடி இறங்கியது என்று எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

இங்கே நாமக்கல்லில், திருச்செங்கோடு ரோட்டில் புதிதாக வந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க மிளகாய். குண்டு, நீட்டு, காஷ்மீரி, பேடகி, குண்டூர், தேஜா. படித்தால் ரயில் நிற்கும் ஊர்களைப் படிப்பது போல இருந்தது. இத்தனை வருஷம் நான் தின்றது இதில் எது? வண்டியில் இருந்தால் சமையல்காரர் போடுவார், ஊருக்கு வந்தால் சத்யா போடுவாள். தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ரத்தச் சிவப்பாக, நீளமாக, உடம்பெல்லாம் சுருக்கமாக, பார்க்கவே பயமாக இருந்த ஒன்றை அள்ளினேன். இவ்வளவு சிவப்பு என்றால் அவ்வளவு காரம். யாருக்கும் தோன்றுவதுதானே?

ரசம் கூறைப்புடவை நிறத்தில் வந்தது. சத்யா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "நெறம் அருமைங்க. காரம் பொறவு வருங்களா?" கேட்டுவிட்டு இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

கனிஷ்கா அவள் அம்மாவை மிஞ்சியவள். பிளஸ் ஒன் படிக்கிறாள், வாய் மட்டும் காலேஜ் முடித்துவிட்டது. "அப்பா, இத குடிக்கறதுங்களா, மருதாணியாட்டம் கைக்கு வெச்சுக்கறதுங்களா?"

அது பேடகியாம். கர்நாடகத்து மிளகாய். நிறத்துக்காகப் போடுவதாம். பாக்கெட்டில் எழுத வேண்டாமா இதை?

ஜனவரி 9, வியாழன்

குனியக் கூடாது என்கிறார் டாக்டர். அரிசி டின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

சென்னிமலை அண்ணன் போன் செய்தார். திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருக்கிறார். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் வண்டியில்தான் ஓடுகிறேன்.

"மாசி பொறந்தா வண்டி மறுபடி சத்தீஸ்கர் பக்கம், ஜக்தல்பூர் போவுது சிவா. நீ லீவரப் புடிச்சுட்டு நின்னாப் போதும். தூக்கறதுக்கு வேற ஆளு போட்டுக்கறேன்."

"வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

சத்யா பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனது.

ஏதாவது சொன்னால்தான் என்ன?

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு எருமப்பட்டி, மாமியார் வீடு. மாமியார் பாவாயி என்னிடம் நேராகப் பேச மாட்டார். மாப்பிள்ளைக்கு மரியாதை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவார்.

இன்று சுவரிடம் சொன்னது: "மாப்பிள்ளைங்க ஊட்டுல சோறாக்கறாங்களாமா. ஊருக்குள்ள நாலு பேரு கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்றது?"

சுவர் பதில் சொல்லவில்லை. நான் கரும்பைக் கடித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

பெரிய விபரீதம்.

பேடகியிடம் ஏமாந்ததிலிருந்து அழகான மிளகாயை நம்புவதில்லை. நேற்று வேண்டுமென்றே ஒன்றுக்கும் ஆகாதது போல இருந்த மிளகாயைத் தேர்ந்தெடுத்தேன். ஒல்லி. குட்டை. பசியில் கிடந்தது மாதிரி இருந்தது. இதில் என்ன காரம் இருந்துவிடப்போகிறது என்று ரசத்துக்குப் போட்ட அதே அளவு, ஒரு கை நிறைய, இன்று காலை காரச் சட்னிக்கு அரைத்தேன்.

அதுதான் தேஜா.

சத்யா வாயில் வைத்ததும் எழுந்து தயிர்ப் பாத்திரத்தை எடுத்தாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆனால் கனிஷ்கா எங்களுக்கு முன்பே டிபன் பாக்ஸில் தோசையும் சட்னியும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப்போய்விட்டாள். மத்தியானம் அவளுக்குப் பேச்சுப் போட்டி. போனும் எடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அது ஒன்றுதான் ஆறுதல்.

சாயங்காலம் வந்தாள். கையில் கேடயம்.

போட்டித் தலைப்பு, "நிலத்தடி நீரைக் காப்போம்". சாப்பிட்டுவிட்டு நேராக மேடை ஏறியிருக்கிறாள். முதல் வரியிலேயே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இரண்டாவது வரியில் குரல் உடைந்துபோயிற்றாம். "பூமித்தாயின் நெஞ்சில் எத்தனை துளைகள்" என்ற இடத்தில் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். நடுவர்களில் ஒருவர் அழுதேவிட்டாராம். முதல் பரிசு.

"ஏஞ்சாமி, நெசமாவே அழுதியா?" என்றேன்.

"பின்ன? பூமித்தாயி நெஞ்சு எனக்குத் தெரியாதுங்கப்பா, என்ற நெஞ்சு எரிஞ்சுச்சு."

அந்தத் துளைகளில் பாதி நான் போட்டது. கேடயத்தை வாங்கித் துடைத்து வைத்தேன்.

ஜனவரி 25, சனி

பிள்ளைக்கு வயிறு சரியில்லை. மோர் சாதம். என்னை அடுப்படிக்குள் விடவில்லை.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கருங்கல்லா, சரளையா, ஓடைக்கல்லா என்று துளையிலிருந்து மேலே வருகிற தூளை விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லுவேன். ஒரு மிளகாய் தெரியாதா எனக்கு? தெரிஞ்சே ஆகோணும்.

ஜனவரி 30, வியாழன்

தினமும் கடைக்குப் போகிறேன். கண்ணை நம்பக் கூடாது என்பது முதல் பாடம். காம்பு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும், தோலைத் தடவ வேண்டும். காஷ்மீரிக்குத் தோள் அகலம்; பேடகியும் சுருக்கந்தான், ஆனால் ஒல்லி, வால் நீளம். குண்டூர் மிளகாய்க்குத் தோல் வழவழவென்று இருக்கும், உடைத்தால் சடக்கென்று உடையும். தேஜாவைப் பற்றி எழுத வேண்டியதில்லை, பட்டாயிற்று.

பச்சையிலும் இதே தொல்லை. நாட்டுப் பச்சை மிளகாய் கரும்பச்சையில் ஒன்று, வெளிர்பச்சையில் ஒன்று. வெளிர்பச்சையிலேயே இன்னும் தடியாக, நீளமாக இருந்தால் பஜ்ஜி மிளகாய். குடைமிளகாயை மட்டும் யாரும் தவறவிட முடியாது. அதை மிளகாய் என்று எப்படிச் சேர்த்தார்கள்?

பிப்ரவரி 1, சனி

இன்றைக்குப் பிடித்துவிட்டார்கள்.

குண்டு மிளகாய் முன்னால் நின்றிருந்தேன். செக்யூரிட்டி வந்து, "ஐயா, மேனேஜர் கூப்புடறாருங்க" என்றார். உள்ளே ஒரு சின்ன அறை, சுவரில் டிவி. டிவியில் நான். திங்கள் நான், செவ்வாய் நான், நேற்று நான். எல்லா நாளும் அதே அலமாரி.

மேனேஜர் பெயர் குமாரசாமி. மரியாதையானவர். "தப்பா நெனைக்காதீங்க. டெய்லி வர்றீங்க, நெம்ப நேரம் நிக்கறீங்க, அம்பது கிராம் வாங்கிட்டுப் போயிடறீங்க. ஆபீஸ்ல கேக்கறாங்க. இதோ பாருங்க, இங்க என்னங்க பண்றீங்க?"

படத்தில் நான் ஒரு மிளகாயைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். போனில் நல்ல சேதி கேட்கிறவன் முகம்.

"வெதைங்க" என்றேன். "நல்லாக் காஞ்ச குண்டு மிளகாய ஆட்டுனா உள்ள வெதை குலுங்கும். நீட்டு மிளகாயில இந்தச் சத்தம் வராதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். செக்யூரிட்டியை அனுப்பி ஒரு கைப்பிடி எடுத்துவரச் சொன்னார். ஒன்றைக் காதில் வைத்து ஆட்டினார். "அட, ஆமாங்க!" செக்யூரிட்டியும் ஒன்றை எடுத்து ஆட்டினார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். டீ கொண்டுவந்த அம்மா கதவைத் திறந்து, மூன்று ஆண்கள் காதில் மிளகாயோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, டீயோடு திரும்பிப் போய்விட்டார்.

பிப்ரவரி 5, புதன்

தலைக்கனம் கூடாது.

இப்போது கடையில் அலமாரி முன்னால் நின்றாலே ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள். நேற்று பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பஜ்ஜி மிளகாயைக் காட்டி, "இதுல காரமே இருக்காதுங்க, கொழந்தைகூடத் திங்கும்" என்று அடித்துச் சொன்னேன். இன்று அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கூடையில் ஏதோ ஒரு மிளகாய் மட்டும் உக்கிரமாக இருந்திருக்கிறது. அதைத் தின்றவர் ஒரு டிராபிக் போலீஸ்காரர். "அவரு ரோட்டுக்கு நடுவுல உக்காந்துட்டாருங்க. ரெண்டு பக்கமும் லாரி நின்னுபோச்சு."

மன்னிப்புக் கேட்டேன். பஜ்ஜி மிளகாயிலும் நூற்றில் ஒன்று இப்படி அமையும் என்று தெரிந்துகொண்டேன். சொல்லும்போது இனிமேல் "பெரும்பாலும்" சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மச்சினன் அன்பரசும் வருகிறார்கள். என்ன பேச என்று தெரியும். நான் எப்போது வண்டி ஏறுகிறேன் என்று கேட்கத்தான்.

சத்யாவிடம், "நான் பள்ளிபாளையம் சிக்கன் பண்றேன்" என்றேன். அவள் வீட்டில் இருக்கிற தயிரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும்.

பள்ளிபாளையம் சிக்கனில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மசாலாப் பொடி கிடையாது. கறி, சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கிள்ளி விதை தட்டிய மிளகாய். மிளகாய் தப்பினால் எல்லாம் தப்பும். நான் நீட்டு மிளகாய் வாங்கினேன், குண்டூர் இல்லை, தேஜா கண்டிப்பாக இல்லை. ஒவ்வொன்றாகக் கிள்ளி, விதையை உதறி, ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எண்ணெயில் போட்டேன். நிறத்துக்கு இரண்டு பேடகி. மணம் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

மாமியார் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார். பிறகு சுவரிடம், "எந்த ஓட்டல்ல வாங்குனாங்களோ, நல்லாருக்குது" என்றார்.

"அம்மா, மாமாதாம்மா பண்ணுனாரு. நான் கண்ணுல பாத்தேன்" என்றான் அன்பரசு.

மாமியார் நம்பவில்லை. கொண்டுவந்த பையை அவிழ்த்து, அவர் காட்டில் விளைந்த மிளகாயைப் பந்திப்பாயில் கொட்டினார். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "மொளகாக்காரரு ஆயிட்டீங்களாமா. சொல்லுங்க பாக்கலாம் மாப்பிள்ளைங்க, இது என்ன சாதி?"

எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். தோள் காஷ்மீரி மாதிரி, வால் குண்டூர் மாதிரி. ஆட்டினால் கொஞ்சம் குலுங்குகிறது. கடித்தேன். முதலில் ஒன்றுமில்லை, பிறகு எங்கிருந்தோ வந்தது. எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது, பாதி மிளகாயால், மீதி வெட்கத்தால்.

"தெரியலீங்க அத்தை."

மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கே தெரியாதுங்க! சந்தையில எவனோ வெதை குடுத்தான், நட்டு வெச்சேன். நீங்க ஒரு பேரு சொன்னா அதையே ஊருக்குள்ள சொல்லிக்கலாமுன்னு பாத்தேன்." சிரித்து ஓய்ந்ததும் அதே மூச்சில் கேட்டார்: "அப்ப, வண்டிக்கு எப்பங்க போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சத்யா சொன்னாள், "அவரு எங்க போவோணும், எங்க இருக்கோணும்னு அவரு முடிவு பண்ணட்டும். நீ சாப்புடும்மா."

அவர்கள் போனபிறகு பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். ஏன் புள்ள நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற? போகச் சொல்றியா, இருக்கச் சொல்றியா?

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "உங்களுக்கு எவ்வளவு காரம் வேணும்னு எனக்குக் கல்யாணமான மாசமே தெரியுமுங்க. எனக்குக் காரம் ஆகாது, அத நீங்க கேட்டதில்ல. அந்தப் பேடகி ரசந்தான் இந்த ஊட்டுல நான் வயிறு எரியாமக் குடிச்ச மொதல் ரசம்."

நான் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் இரண்டு டம்ளர் குடித்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக அவள் சாப்பிடும்போது பக்கத்தில் தயிர் இருக்கும். அது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

என்ன மனுஷன்டா நான்.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு ரசம் வைத்தேன். ஒன்று அவளுக்கு.

பிப்ரவரி 12, புதன்

குமாரசாமி கூப்பிட்டு உட்காரவைத்தார். மளிகைப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். "எப்படியும் தெனமும் வர்றீங்க. சம்பளம் வாங்கிட்டு வாங்களேன். ஸ்டூல் போட்டுத் தர்றேன், எதுவும் தூக்க வேண்டாம்."

நல்ல மனிதர். ஆனால் அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பச்சைப் பனியன் போட வேண்டும். மார்பில் ஒரு தக்காளிப் படம். அந்தத் தக்காளி சிரிக்கும். கண்ணும் அடிக்கும்.

ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் எடுத்தவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் சொன்னேன். தக்காளியையும் சொன்னேன். சத்யா, "பனியன் சைசு கேட்டாங்களா?" என்றாள். கனிஷ்கா, "எங்க ஸ்கூல் பக்கம் மட்டும் அதப் போட்டுட்டு வந்துராதீங்கப்பா" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை, பார்த்தால் சிரித்துவிடுவார்கள்.

பிப்ரவரி 15, சனி

திருச்செங்கோடு போனேன். வண்டி கிளம்பத் தயாராகிறது. புதுப் பெயின்ட். சென்னிமலை அண்ணன் மேலே ஏறச் சொன்னார். கம்ப்ரசரைப் போட்டதும் அந்த அதிர்வு காலில் ஏறியது பாருங்கள் — ஊருக்குப் போன மாதிரி இருந்தது. லீவரைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இடது கால் மரத்துப்போனது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கி, "நான் வரலீங்கண்ணா" என்றேன். காலுக்காகச் சொன்னேனா? கால் நன்றாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலும்.

"செரி, என்ன பண்ணப்போற?"

"சூப்பர் மார்க்கெட்டுல கூப்புடறாங்க. மிளகா பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா?" அவர் சிரிக்கத் தயாராக இருந்தார். தக்காளியைச் சொன்னதும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பசங்களுக்கு ஆறு மாசத்துக்கு மிளகா நீதான் எடுத்துக் குடுக்கோணும். போன தடவ சமையலு வாயில வெக்க முடியல" என்றார். என் தோளில் கை வைத்தார், எடுக்கவில்லை. இருபத்து நாலாம் தேதி நாமக்கல் ஆஞ்சநேயர் கோவிலில் பூஜை போட்டுவிட்டு வண்டி கிளம்புகிறதாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேனா? மிளகாய் எதுவும் கையில் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

முதல் நாள். தக்காளி கொஞ்சம் இறுக்கம்.

பிப்ரவரி 20, வியாழன்

சாயங்காலம் பள்ளி விட்டதும் கனிஷ்காவின் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கும்பலாகக் கடைக்கு வந்தார்கள். பள்ளிப் பக்கம் வராதே என்றவள்தான் கூட்டி வந்தது. "இதுதான்டி தேஜா. எனக்கு ஷீல்டு வாங்கிக் குடுத்தது" என்று காட்டினாள். ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. மொத்தப் பள்ளிக்கூடமும் பரிசு வாங்கினால் யார் பொறுப்பு?

பிப்ரவரி 24, திங்கள்

கடையில் நல்ல கூட்டம். வெயில் ஏறுகிறது, மோர் மிளகாய் போடும் காலம். சேந்தமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா எந்த மிளகாய் எடுப்பது என்று கேட்டார். போன வருஷம் போட்டதை வீட்டில் யாரும் தொடவில்லையாம், அவ்வளவு காரமாம். கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவருக்குக் காட்டினேன்: இளசாக இருக்க வேண்டும், சதைப்பிடிப்பு வேண்டும், காம்பு போயிருக்கக் கூடாது, வெளிர்பச்சையில் இந்தக் குட்டை ரகம் சரியாக வரும். அவர் நல்ல கேள்விகளாகக் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

செக்யூரிட்டி வேகமாக உள்ளே வந்தார். "என்னங்க, கேக்கலீங்களா? பெரிய போர் வண்டி ஒண்ணு, மாலையெல்லாம் போட்டு, நம்ம வாசல்ல நின்னு ஆரன் அடிச்சுட்டே இருந்துச்சு. ரோடே திரும்பிப் பாத்துச்சு. இப்பத்தான் போவுது."

எனக்குக் கேட்கவே இல்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ரோட்டில் தூசி மட்டும் இருந்தது.

"அப்பறமுங்க?" என்றார் அந்த அம்மா. "காம்போட கீறுறதுங்களா, கிள்ளிட்டுங்களா?"

"காம்போடங்க" என்றேன். "நுனியில மட்டும் லேசாக் கீறி விடுங்க. மோரு உள்ள போவட்டும்."